குடியிருப்பு இல்லை

தமிழ்தானே அண்ணாச்சி? நெனச்சேன். போன்ல ‘எறங்கியாச்சு, சக்கர நாற்காலியில உக்கார வச்சிருக்காவ’ன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. எந்தப் பக்கம்? அம்பாசமுத்திரமா! அப்ப நம்ம ஆளுதான். எனக்குப் பாளையங்கோட்ட. பேரு ஆறுமுகநயினார். சர்வே டிபார்ட்மெண்டு, முப்பத்திநாலு வருச சர்வீஸு, ஒரு மெமோ வாங்குனது கிடையாது.

உங்களுக்குக் காலுக்கு என்ன? ஒன்னுமில்லையா? எனக்கும் ஒன்னுமில்ல. நித்தம் காலையில நாலு கிலோமீட்டர் நடக்குற ஆளு நான். மவன் டிக்கெட்டு போடும்போதே ‘நடக்க இயலாதவர்’னு ஒரு வரி சேத்துட்டான். அப்படிப் போட்டாத்தான் வழி தப்பாமக் கொண்டு சேப்பாங்களாம். சுத்திப் பாருங்க, பதினோரு நாற்காலி. அத்தனையும் நம்ம நாட்டுத் தாய் தகப்பன்மாரு. ஒருத்தருக்கும் கால்ல கோளாறு கிடையாது. முன்ன ஒருக்க ஒன்னுக்குப் போக எந்திரிச்சேன். நாற்காலி தள்ளுற அந்த யூனிபார்ம்காரன் ஓடியாந்து தோளப் புடிச்சு அமுக்கிட்டான்.

நீங்க அமெரிக்காவுக்குப் போறீங்க, நான் அங்கருந்து திரும்பி வாறேன், ரெண்டு பேரும் இந்த நடுவழி ஏர்போர்ட்டுல விமானம் மாறக் காத்துக் கெடக்கோம். மவ வீட்டுக்கா? ஆறு மாசமா? நானும் ஆறு மாசம்னுதான் போனேன். மூணாவது மாசமே திரும்பியாச்சு. யாரும் போன்னு சொல்லல, பாத்துக்கிடுங்க. நானாத்தான் கெளம்புனேன். அத மொதல்ல சொல்லிப்புடுதேன்.

மவன் இருக்கது அயோவாவுல. சிகாகோவுல எறங்கிக் கார்ல அஞ்சு மணி நேரம். ஹேல்ட்டன் கவுண்டி. கவுண்டின்னா நம்ம தாலுகா மாதிரின்னு வச்சுக்கிடுங்க. மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். ரோட்டுல ஒரு மனுசன் நடக்க மாட்டான். மவன் நாயகம் விவசாய மிஷினு செய்யுற கம்பெனிக்கு ஏழு மணிக்கே போயிருவான். மருமவ செல்வக்கனிக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில வேல. புள்ளைங்க பள்ளிக்கூடம். நான் ஒத்தையில சன்னலப் பாத்துட்டு இருக்கணும். வீட்டுக்காரி இருந்தா ஏதாச்சும் சண்ட போட்டுட்டாவது இருப்பா. அவளும் போயி ரெண்டு வருசம் ஆச்சு.

அந்த மருமவளப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும். மவனா விரும்பிக் கெட்டுனது. அவ வேற சாதி. நான் சாதி பாக்கதில்ல, கல்யாணத்துக்கு மொத ஆளாப் போயி நின்னேன். சம்பந்தி சுயம்புலிங்கம், அப்ப தூத்துக்குடியில உப்பு லோடு ஏத்துற எடத்துல மேஸ்திரி. தாலி கெட்டி முடிஞ்சு கை குடுக்கையில என்னைய ஒரு தரம் உத்துப் பாத்தாரு. எங்கயோ பாத்திருக்கோமான்னு கேட்டேன். ‘இல்ல சம்பந்தி, இருக்காது’ன்னுட்டாரு. பதினாறு வருசமா அவ்வளவுதான் பேச்சு.

சரி, கவுண்டிக் கதைக்கு வாறேன். கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பின்னால பழைய ஜெயிலு. அத மியூசியமா ஆக்கி வச்சிருக்காவ. செவ்வாய், வியாழன் மட்டும் தொறக்கும். மார்லீன்னு ஒரு அம்மா, எம்பது வயசு, சம்பளமில்லாம உக்காந்திருக்காவ. செல்வக்கனி வேலைக்குப் போற வழியில என்னைய அங்கன எறக்கி விட்டா. ‘மாமாவுக்குப் பொழுது போகும்’னு அவதான் சொன்னா. அவளேதான். அத ஞாபகம் வச்சுக்கிடுங்க.

உள்ள போனா பால் கறக்குற வாளி, பழைய தையல் மிஷினு, கல்யாண கவுனு. எல்லாத்தையும் தாண்டிப் போனா ஒரு கண்ணாடிப் பெட்டியில, அண்ணாச்சி, எனக்கு மேலு சிலுத்துருச்சு. சங்கிலி! சர்வே சங்கிலி! அறுபத்தாறு அடி, நூறு லிங்க்ஸ், பத்துக்கு ஒரு பித்தள வில்ல. நான் வேலைக்குச் சேந்த நாள்ல நம்ம தாலுகா ஆபீஸ் பழைய புத்தகம் பூராவும் இந்த லிங்க்ஸ் கணக்குதான். அதே சங்கிலி, நடுவுல சமுத்திரம் மட்டுந்தான் வேற.

மார்லீன் அம்மாகிட்டச் சொன்னேன். அவியளுக்குச் சந்தோசம் தாங்கல, பெட்டியத் தொறந்து கையிலயே குடுத்துட்டாவ. தரையில விரிச்சு டேப்பு வச்சுப் பாத்தேன். நாலு அங்குலம் நீளம் கூடுதல். இழுத்து இழுத்துச் சங்கிலி நீளும், அதனாலதான் மாசத்துக்கு ஒருக்கச் சோதிக்கணும்னு எங்களுக்கு உத்தரவு. நாலு அங்குலம்னா மைலுக்கு இருபத்தாறு அடி வித்தியாசம். ‘அம்மா, உங்க கவுண்டி தாள்ல இருக்கதவிட தரையில பெருசு’ன்னேன். ‘அப்ப எது சரி?’ன்னு கேட்டாவ. ‘தரைதான் சரி. தாளு நாம எழுதுறது, தரை பொய் சொல்லாது’ன்னேன். அந்தம்மா அத ஒரு அட்டையில எழுதி மேசையில வச்சுக்கிட்டாவ. எம் பேரையும் போட்டு.

அதுக்குப் பெறவு செவ்வாய், வியாழன் தவறாமப் போவேன். எனக்குன்னு ஒரு மேச, ஒரு விளக்கு, பதினோரு மணிக்குக் காப்பி. ரிட்டயர்டு ஆயி பதினேழு வருசம் கழிச்சு ஒருத்தர் எங்கிட்ட வேல சொல்லுதாவன்னு மனசு குளுந்து கெடந்தேன்.

அந்தச் சங்கிலிக்காரன் பேரு ஆம்ப்ரோஸ் டில். கவுண்டிய மொத மொத அளந்தது அவன்தான். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தேழு. கோர்ட்டுல அவனுக்குப் படம் இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு அவன் பேரு. அவன் அளவுப் புத்தகத்த எங்கிட்டக் குடுத்து வாசிச்சுச் சொல்லச் சொன்னாவ. கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி. ஆனா அளவுப் புத்தகம்லா, எனக்கு அது தண்ணி பட்ட பாடு. ஜூன் பதினொன்னு. ‘ஆத்தங்கரை, மண் முதல் தரம். குடியிருப்பு இல்லை.’ சரின்னு அடுத்த பக்கம் போனேன். கடைசிப் பக்கத்துல அவன் சொந்தக் குறிப்பு கொஞ்சம் கெடக்கு, செருப்பு தச்சது, காச்ச வந்தது எல்லாம். அங்கன அதே ஜூன் பதினொன்னு. ‘இந்த ஊர்ப் பொம்பளைங்க சோளக்கஞ்சியும் சுட்ட மீனும் குடுத்தாங்க. வீடு பத்தொம்பது எண்ணினேன்.’

பாத்தீங்களா! பத்தொம்பது வீடு. செவ்விந்தியருங்க ஊரு. உக்காந்து தின்னுருக்கான், எண்ணியிருக்கான், பெறவு குடியிருப்பு இல்லைன்னு எழுதியிருக்கான். அவன் எழுதுனத வச்சுத்தான் மறு வருசமே பட்டாளம் வந்து அந்த சனங்களத் தொரத்தியிருக்கு. கவுண்டி வரலாறுன்னு தடியா ஒரு புத்தகம் இருக்கு, அதுல மொத வரியே ‘ஆளில்லா நிலத்தில் எங்கள் முன்னோர் வந்து இறங்கினார்கள்’.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். சர்வேயர் சாதிக்கே அவமானம்லா அவன். ஒரு வீட்டுல கைய நனச்சுட்டு அந்த வீடே இல்லன்னு எழுதலாமா? சோத்துல மண்ண அள்ளிப் போடுறது வேற என்ன? வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். மவன் தலையக் குனிஞ்சு சாப்பிட்டுட்டே இருந்தான். செல்வக்கனி இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துனா.

கவுண்டிக்கு நூத்தெழுபத்தஞ்சாவது வருச விழா வந்துச்சு. மார்லீன் அம்மா ரெண்டு நாளு யோசிச்சுட்டு, ‘நீங்களே பத்து நிமிசம் பேசுங்க, அளவு தெரிஞ்சவர் சொன்னாத்தான் எங்காளுங்க கேப்பாங்க’ன்னாவ. நான் தமிழ்ல சொல்லச் சொல்ல செல்வக்கனி இங்கிலீஷ்ல டைப் அடிச்சா. பத்தொம்பது வீடுங்குற எடத்துல கைய நிறுத்துனா. ‘என்னம்மா?’ன்னேன். ‘ஒன்னுமில்ல மாமா, நீங்க சொல்லுங்க’ன்னா. நல்லா அடிச்சா. நான் சொன்னதவிட அவ எழுதுனது இன்னும் சூடா இருந்துச்சு.

சனிக்கிழம மத்தியானம், சர்ச்சு ஹால்ல விழா. எரநூறு பேரு. வீட்டுக்கு வீடு ஒரு பாத்திரம் சமச்சுக் கொண்டாந்து வரிசையா வச்சிருந்தாவ. அங்க ஒரு வழக்கம். மேடையில இருந்து வருசத்தச் சொல்லிக் கூப்பிடுவாவ. ‘ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தொன்னுல வந்த குடும்பங்க எந்திரிங்க’ம்பாவ. அந்தக் குடும்பத்துக்காரங்க எந்திரிச்சு நிப்பாங்க, எல்லாரும் கை தட்டுவாவ. பெறவு அடுத்த வருசம். கெழவன் கெழவியெல்லாம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்காவ. நல்ல வழக்கம்தான், எனக்குக்கூட ஆசையா இருந்துச்சு.

அது முடிஞ்சு, அவ அடிச்சுக் குடுத்த இங்கிலீஷப் பாத்து நான் பேசுனேன். சங்கிலியக் காட்டுனேன், நாலு அங்குலத்தச் சொன்னேன், ஜூன் பதினொன்னு ரெண்டு பக்கத்தையும் வாசிச்சேன். கடைசியா, ‘கஞ்சி வாங்கிக் குடிச்ச கையால குடியிருப்பு இல்லைன்னு எழுதுனவன மன்னிக்கலாம், ஆனா அவன் எழுதுனதத் திருத்தாம விடக்கூடாது’ன்னு முடிச்சேன். பெறவு மொதல்ல ஒருத்தர், அப்புறம் எல்லாரும் கை தட்டுனாவ. முப்பத்திநாலு வருசத்துல எனக்கு ஒருத்தனும் கை தட்டுனது கிடையாது அண்ணாச்சி.

அந்த நேரம் பாத்து செல்வக்கனி எந்திரிச்சா.

அஞ்சாவது வரிசையில. அந்தக் குடும்பங்க நின்ன மாதிரியே நிமிந்து நின்னா. தமிழ்ல சொன்னா. ‘மாமா, செம்மணல்விளையில எங்க வீட்டு முத்தத்துல உக்காந்து பதனி குடிச்சீங்க. எங்கம்மதான் பனையோலப் பட்டையில ஊத்திக் குடுத்தா. முப்பத்தோரு வீடு மாமா. நீங்களும் எண்ணுனீங்க.’

அவ்வளவுதான். உக்காந்துட்டா.

சனங்க கை தட்டுனாவ! புதுசா வந்த குடும்பம் எந்திரிச்சு ஏதோ நல்ல வார்த்த சொல்லுதுன்னு நெனச்சுட்டாவ. பக்கத்துல இருந்த கெழவி அவ கையப் புடிச்சுத் தடவிக் குடுத்தா. மார்லீன் அம்மா எங்கிட்டக் குனிஞ்சு, ‘என்ன சொல்லுதாவ?’ன்னு கேட்டாவ. ‘வாழ்த்துச் சொல்லுதா’ன்னேன். வேற என்னத்தச் சொல்ல, சபையில? விழாக் குறிப்புல எழுதியும் வச்சுட்டாவ, மருமகள் தாய்மொழியில் வாழ்த்துரை வழங்கினார்னு.

நீங்களே சொல்லுங்க. வீட்டுல வச்சுக் கேக்கப்படாதா? மூணு மாசமா மூணு வேளையும் சோறு போடுதா, மாமா மாமான்னு கூப்பிடுதா, ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்லா? எரநூறு பேரு முன்னால, நான் ஜெயிச்சு நிக்கையில கேக்குறதா?

செம்மணல்விளையா? அது திருச்செந்தூர் தாண்டிச் செம்மணல் தேரிக்காட்டுக்குள்ள. தொண்ணூறாம் வருசம். தொழிற்சாலைக்கு நெலம் எடுக்கணும்னு அவசர ஃபைலு. நான் அளந்தேன். ஆமா, குடிச இருந்துச்சு, இல்லைங்கல. முப்பது இருக்கும். முப்பத்தொன்னுதான். எல்லாம் ஓலக் குடிச. பனையேறிங்க. பட்டா கிடையாது, புறம்போக்கு. ரெக்கார்டுல வீடு இல்ல. ரெக்கார்டுல இல்லாதது தரையில நின்னா அது ஆக்கிரமிப்பு, குடியிருப்பு ஆகாது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கு. குடியிருப்பு உண்டுன்னு எழுதுனா ஃபைலு திரும்பும், மாத்து எடம் பாக்கணும், ரெண்டு வருசம் இழுக்கும். மேல இருந்து ‘சட்டுபுட்டுன்னு முடிங்க’ன்னாரு ஆபீசரு. எனக்கும் அப்ப பிரமோசன் நேரம். எழுதுனேன். நான் எழுதாட்டா வேற ஒருத்தன் எழுதியிருப்பான்.

டில் பண்ணுனது வேற அண்ணாச்சி. அங்க பட்டாளம் வந்துச்சு. இங்க லாரிதான் வந்துச்சு.

பதனி குடிச்சேன். வெயிலு அப்படி. யாரு குடுத்தாலும் குடிச்சிருப்பேன். ஒரு சின்னப் பொட்டப்புள்ள சங்கிலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு நின்னது லேசா நெனவு வருது. அது இவதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தி அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, கை குடுக்கும்போது? சொல்லல. மவ கல்யாணம்னு வாய மூடிட்டாரு. அப்ப தப்பு யாரு மேல?

விழா அன்னைக்கு ராத்திரி மவன் உக்காந்து பேசுனான். அவனுக்கு ரெண்டு வருசமாத் தெரியுமாம். ‘அப்பா, அவ உங்கள ஒன்னும் பண்ணச் சொல்லல. ஒரு தாளு எழுதிக் குடுங்க’ங்கான். விசயம் என்னன்னா, ஊரக் காலி பண்ணும்போது சுடலைமாடசாமி பீடம் அங்கனயே நின்னு போச்சு. இப்ப அது தொழிற்சாலக் காம்பவுண்டுக்குள்ள. சம்பந்திக்கு எழுபத்தெட்டு வயசு, நெஞ்சுக்கு ஆப்பரேசன் ஆனவரு. சாவுறதுக்குள்ள ஒரே ஒரு வருசம் அந்தப் பீடத்துல சாமிக்குக் கொட விழா கழிக்கணுமாம். ஒரு நாளு போதுமாம். வாசல்ல போயிக் கேட்டா, ‘ஆவணத்துல ஊரும் இல்ல, கோயிலும் இல்ல, நீங்க யாரு?’ன்னு கேக்காங்களாம். அன்னைக்கு அளந்த சர்வேயரே இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தா உள்ள விடுவோம்னுருக்காங்க. அன்னைக்கு அளந்தவங்கள்ல உசுரோட இருக்கது நான் ஒருத்தன்தான்.

எழுத முடியாதுன்னுட்டேன். எப்படி எழுத? இருந்துச்சுன்னு இப்ப எழுதுனா இல்லன்னு அப்ப எழுதுனது பொய்னு ஆகும்லா? அது ஒன்னு பொய்னா, முப்பத்திநாலு வருசமா நான் எழுதுன அம்புட்டுப் புத்தகத்தையும் பெறட்டிப் பாக்கணும்பான். அப்ப நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு? வீட்டுக்காரி சாகும்போதுகூட ‘நேர்மையான மனுசன்’னு சொல்லிட்டுத்தான் செத்தா.

அதுக்குப் பெறவும் செல்வக்கனி மொகத்துல கோவத்தக் காட்டல, பாத்துக்கிடுங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். செவ்வாய்க்கிழம சாவிய எடுத்துட்டு வாசல்ல நின்னு ‘வாறீங்களா மாமா’ங்கா. நான் போகல. வியாழக்கிழமையும் நின்னா. போகல. மூணு வேள சோறு, ரசம், கூட்டு, ஒன்னும் கொறையல.

பத்தாவது நாளு டிக்கெட்ட மாத்தச் சொன்னேன். நானாத்தான் சொன்னேன். மவன் ஏர்போர்ட்டுல வச்சு, ‘அந்தத் தாள எழுதிட்டுச் சொல்லுங்கப்பா, அடுத்த டிக்கெட்டு போடுதேன். அதுவரைக்கும் வேண்டாம்’னான். அது போகச் சொன்னதா ஆகுமா? ஆகாதுலா?

இந்தா, இதப் பாருங்க. நேத்து மார்லீன் அம்மா போன்ல அனுப்புன படம். டில்லு படத்துக்குக் கீழ பித்தளையில புதுசாத் தகடு அடிச்சுட்டாவ. ‘இங்கே பத்தொன்பது வீடுகள் இருந்தன. இப்பதிவு தவறு என்று கண்டு திருத்தியவர் ஏ. ஆறுமுகநயினார், நில அளவையர், தமிழ்நாடு.’ எம் பேரு! ஒரு எழுத்து தப்பில்லாமப் போட்டிருக்காவ. புத்தகத்துல மொத வரியையும் மாத்தப் போறாவளாம். வெளிநாட்டுக்காரன் மதிக்கான். நம்ம வீட்டுலதான் மதிப்பில்ல.

அந்தப் பையக் கொஞ்சம் எட்டிக் குடுங்க. கருப்பட்டி. ஒரு துண்டு வாயில போடுங்க, வழியில தல சுத்தாது. சுக்கு போட்டது. சம்பந்தி அனுப்புனது, செல்வக்கனி எடுத்து வச்சா. மேல கெடக்குற கவரா? அது அந்தத் தாளுதான். அவளே டைப் அடிச்சு வச்சிருக்கா. நாலே வரி. முப்பத்தோரு வீடு, ஒரு பீடம், அளந்த தேதி. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். பேனாவும் வச்சிருக்கா பாருங்க, மூடியக் கழத்தி எழுதுதான்னு சோதிச்சுப் பாத்துட்டு வச்சிருக்கா. உள்ளயே கெடக்கட்டும், சவத்த விடுங்க. கருப்பட்டி எப்படி? வாயில வச்சதும் கரையுதுலா? பனை நல்லா இருந்தாத்தான் இப்படி வரும்.

அந்தா வாறான் யூனிபார்ம்காரன். என்னையத்தான் கூப்பிடுதான், எம் விமானத்துக்குச் சொல்லிட்டாங்க போல. கொஞ்சம் பொறுங்க, இன்னைக்கு இவன விடுறதில்ல. தம்பி, நான் நடந்தே வாறேன். நோ சேர். ஐ வாக். இந்தா பாரு, எந்திரிச்சுட்டேன். இந்தா, நடக்கேன் பாரு. ரெண்டு காலும் நல்லா இருக்கு, தொட்டுப் பாரு!

பாத்தீங்களா அண்ணாச்சி, தலைய ஆட்டுதான். தாளக் காட்டுதான். நடக்க இயலாதவர்னு எழுதியிருக்காம். கண்ணு முன்னால ஒரு மனுசன் ரெண்டு கால்ல நிக்கேன், அவன் தாளப் பாக்கான். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.